உப்புநீரா, காரீயமா? பலாபத்வலப் பாறையும் ஆழ் புவியோட்டின் மின்சாரமும்

மாத்தளை நகரிலிருந்து ஏ9 வீதியில் வடக்கே போகும்போது, அலுவிகாரைக்கும் நாலந்தாவுக்கும் இடையில் வருகிறது பலாபத்வல. 19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாகக் கால்நடையாக வந்த தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் மாத்தளையை அடைந்த வடக்குப் பாதை இதுவே. மிளகுக் கொடியும் கொக்கோ மரமும் நிற்கும் இந்த மண்ணுக்கு அடியில் இருப்பது சாதாரணப் பாறை அல்ல. மலைநாட்டின் முதுகெலும்பாக ஓடும் இந்தப் பாறைத் தொகுதியைப் புவியியலாளர் 'ஹைலேண்ட் தொகுதி' என்கிறார்கள். ஏறத்தாழ 61 முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கொண்டுவானா என்ற பெருங்கண்டம் ஒட்டிச் சேர்ந்த காலத்தில், இந்தப் பாறைகள் புவியோட்டின் அடித்தட்டில் வெந்துகொண்டிருந்தன. மத்திய மலைநாட்டில் கிடைத்த சில பாறைகளின் கனிமங்களை ஆராய்ந்த சஜீவும் ஒசனாயும் 2004இல் தந்த கணக்கு, 1,150 பாகை செல்சியஸ் வெப்பம், 12 கிலோபார் அழுத்தம். அந்த அழுத்தம் கிடைக்க வேண்டுமானால் மேலே 40 கிலோமீற்றர் அளவுக்குப் பாறை அழுத்திக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

அந்த 40 கிலோமீற்றரும் இன்று இல்லை. மழையும் ஆறும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அரித்துக் கடலில் சேர்த்துவிட்டன. அப்படி அரித்த பின்னும் மலைநாட்டுக்குக் கீழே இன்னும் 38 முதல் 40 கிலோமீற்றர் வரை புவியோடு மிஞ்சியிருக்கிறது என்பதை, ஜேர்மனியின் ஜி.எஃப்.இசட். ஆய்வு மையமும் இலங்கையின் புவிச்சரிதவியல், அளவை, சுரங்கங்கள் பணியகமும் சேர்ந்து 2016–17இல் நிறுவிய தற்காலிக நிலநடுக்கமானிகள் காட்டின. அதன் முடிவுகள் 2020இல் வெளிவந்தன. ஆக, ஆழ் புவியோடு என்று உலகம் கருவி வைத்துத் தேடும் பொருளின் ஒரு பாதி இங்கே காலடியில் கிடக்கிறது, மறு பாதி அதற்குக் கீழே இருக்கிறது. இந்த இரண்டையும் ஒருங்கே பார்க்க வாய்ப்பளிக்கும் இடங்கள் உலகில் அதிகம் இல்லை. ஆழ் புவியோட்டைப் பற்றிய மின்காந்த ஆய்வுகளில் அரை நூற்றாண்டாகத் தீராமல் நிற்கும் ஒரு வழக்குக்கு இலங்கை ஒரு முக்கியச் சாட்சி என்பதும், அந்தச் சாட்சியை இன்னும் ஒழுங்காக விசாரிக்கவில்லை என்பதும் என் எண்ணம்.

ஆழத்தைத் துளைத்துப் பார்க்க முடியாதா என்று கேட்கலாம். ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 1970இல் தொடங்கிய துளை 1989இல் 12,262 மீற்றரில் நின்றது. அதற்கு மேல் வெப்பம் விடவில்லை. ஜேர்மனியின் பவேரியாவில் கே.டி.பி. எனப்படும் துளை 1994இல் 9,101 மீற்றரோடு முடிந்தது. இவ்வளவு செலவில், இவ்வளவு ஆண்டுகளில், புவியோட்டின் மூன்றில் ஒரு பங்கைத்தான் தொட முடிந்தது. மீதியை அறிய இரண்டு தூதுவர்கள் உண்டு. ஒன்று நிலநடுக்க அலை, மற்றது மின்காந்த அலை. நிலநடுக்க அலை பாறையின் விறைப்பையும் அடர்த்தியையும் சொல்லும். பாறைக்குள் ஒரு சதவீதத்துக்கும் குறைவாக உப்புநீரோ காரீயம் என்கிற கிராபைட்டோ இருந்தால் அது அவ்வளவாகக் கவனிக்காது. மின்சாரம் கவனிக்கும். காய்ந்த பாறையின் தடைத்திறன் பத்தாயிரம் ஓம் மீற்றருக்கு மேல் போகும், கடல்நீரினுடையதோ 0.3 ஓம் மீற்றர் அளவே. இடைவெளி அவ்வளவு பெரிது என்பதால் சிறிய அளவு பொருளும் பெரிய அடையாளத்தை விட்டுவிடுகிறது.

இதற்கு நாம் நிலத்துக்குள் மின்சாரம் செலுத்த வேண்டியதில்லை. இயற்கையே அந்த வேலையைச் செய்கிறது. உலகெங்கும் இடைவிடாமல் வெட்டும் மின்னல்களின் ஆற்றல், தரைக்கும் அயனமண்டலத்துக்கும் இடையிலான வெளியில் சுற்றி வருகிறது. அதன் அடிப்படை அதிர்வெண் 7.8 ஹேர்ட்ஸ் அளவு. இதைவிட மெதுவான அலைகள் சூரியக் காற்று பூமியின் காந்தப்புலத்தோடு மோதுவதால் பிறக்கின்றன. இந்தக் காந்தப்புல மாற்றங்கள் நிலத்துக்குள் இறங்கும்போது அங்கே மின்னோட்டங்களைத் தூண்டுகின்றன. தரையில் ஓரிடத்தில் மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் ஒரே நேரத்தில் அளந்து, ஒன்றை மற்றதால் வகுத்தால் கீழேயுள்ள பாறையின் தடைத்திறன் வெளிப்படும். இதுதான் மக்னெட்டோடெலுரிக் முறை, சுருக்கமாக எம்.டி. சோவியத் நாட்டின் திக்கோனொவ் 1950இலும், பிரான்ஸின் லூயி காக்னியார் 1953இலும் தனித்தனியே இதன் கணிதத்தை எழுதினார்கள். ஜப்பானின் ரிக்கிட்டாக்கேயும் அதே காலத்தில் அதே சிந்தனையில் இருந்தார்.

எவ்வளவு ஆழம் தெரியும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. பாறையின் தடைத்திறனை அலையின் காலத்தால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 503ஆல் பெருக்கினால் அலை இறங்கும் ஆழம் மீற்றரில் கிடைக்கும். தடைத்திறன் 1,000 ஓம் மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். செக்கனில் நூறில் ஒரு பங்கு காலமுள்ள அலை 1.6 கிலோமீற்றர் இறங்கும், ஒரு செக்கன் அலை 16 கிலோமீற்றர், பத்துச் செக்கன் அலை 50 கிலோமீற்றர். அதாவது மேலோட்டமான பாறையிலிருந்து புவியோட்டைக் கடந்து மென்மூடி வரை ஒரே நிலையத்திலிருந்து பார்த்துவிடலாம். ஒரு இடைஞ்சலும் இதில் இருக்கிறது. ஒரு செக்கனை ஒட்டிய காலங்களில் இயற்கைச் சமிக்ஞை மிகவும் வலுக்குறைந்தது. மின்னலின் ஆட்சி அங்கே முடிகிறது, சூரியக் காற்றின் ஆட்சி இன்னும் முழுதாகத் தொடங்கவில்லை. நமக்கு வேண்டிய நடு, கீழ்ப் புவியோடு அகப்படுவது சரியாக அந்தப் பலவீனமான பட்டையில். ஆழ் புவியோட்டு ஆய்வு ஏன் பொறுமையைக் கேட்கிறது என்பதற்கு இதுவே முதற்காரணம்.

ஒரு நிலையம் அமைப்பதைக் கிட்ட நின்று பார்ப்போம். வீடும் வீதியும் விலகிய ஒரு வெளியைத் தெரிவு செய்கிறார்கள். நடுவில் பதிவுக் கருவியும் பற்றரியும். அங்கிருந்து வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என நாலு திசையிலும் கம்பி இழுத்து, ஐம்பது மீற்றர் தூரத்தில் ஆளுக்கொரு குழி தோண்டுகிறார்கள். குழிக்குள் உப்புக் கரைத்துக் குழைத்த பென்டனைட் களியை இட்டு, அதில் ஈயக் குளோரைட்டு மின்வாயைப் புதைக்கிறார்கள். சாதாரண உலோகக் கம்பியை மண்ணில் குத்தினால் அதுவே ஒரு மின்கலமாகி அளவைக் கெடுத்துவிடும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. பிறகு நீண்ட குழாய் வடிவக் காந்தச் சுருள்களைத் திசைகாட்டியும் நீர்மட்டமும் வைத்து நேராக்கி மண்ணுக்குள் மூடுகிறார்கள். மூடாவிட்டால் காற்றில் சுருள் ஒரு மயிரளவு அசைந்தாலும் பூமியின் நிலையான காந்தப்புலமே போலிச் சமிக்ஞையாகப் பதிவாகும். கம்பியையும் ஆடாதபடி மண்ணும் கல்லும் வைத்து அழுத்த வேண்டும். பெரிய மரத்துக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது, வேர் அசையும். எல்லாம் முடித்துவிட்டு ஆட்கள் விலகிப்போக, கருவி ஓர் இரவோ பல நாட்களோ தானாகப் பதிகிறது.

இந்த அமைதிக்கு எதிரிகள் பலர். 50 ஹேர்ட்ஸ் மின்கம்பி, நீர்ப்பம்பி, தொலைத்தொடர்புக் கோபுரம். மாத்தளை மாவட்டத்தின் வடக்கிலும் கிழக்கிலும் காட்டு யானைக்காகப் போட்ட மின்வேலிகள் இன்னொன்று. மின்வேலி ஒரு செக்கனுக்கு ஒருமுறை அளவில் துடிப்பை அனுப்பும். மேலே சொன்ன பலவீனமான பட்டையின் நடுவிலேயே அது வந்து விழுகிறது. யானை வேலியை நிறுத்தச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை, அதன் பின்னால் இருப்பது உழவரின் உயிரும் விளைச்சலும். இதற்கு ஒரு பரிகாரத்தை 1979இல் கேம்பிள், கௌபோ, கிளார்க் என்ற மூவர் காட்டினார்கள். தூரத்தில் இன்னொரு நிலையத்தை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, இரண்டு இடத்திலும் பொதுவாக வருவதை மட்டும் சமிக்ஞையாக எடுத்துக்கொள்வது. சூரியக் காற்று எல்லா இடத்துக்கும் பொது, வேலியின் துடிப்பு அந்த ஊருக்கு மட்டும். இன்று ஜி.பி.எஸ். கடிகாரம் வைத்து இதைச் சுலபமாகச் செய்கிறார்கள்.

இப்படி உலகெங்கும் அளந்தபோது ஒரு புதிர் தோன்றியது. ஆழ் புவியோட்டின் வெப்பத்தில் உருமாறிய பாறையைக் கிரானுலைட் என்பார்கள். ஆய்வுகூடத்தில் காய்ந்த கிரானுலைட்டைச் சூடாக்கி அளந்தால் தடைத்திறன் மிக உயர்வாகவே இருக்கிறது. கண்டங்களின் கீழ்ப் புவியோடோ பல இடங்களில் அதைவிட நூறு மடங்கு, சில இடங்களில் ஆயிரம் மடங்கு எளிதாக மின்சாரத்தைக் கடத்துகிறது. எது கடத்துகிறது? திபெத்து போன்ற சூடான, இளம் மலைப்பகுதிகளில் உருகிய பாறையையும் நீரையும் காரணம் சொல்லிவிடலாம். கோடிக்கணக்கான ஆண்டுகளாக ஆறிக்கிடக்கும் பழைய நிலங்களில் அந்தப் பதில் செல்லாது. அங்கே இரண்டு சந்தேக நபர்கள் மிஞ்சுகிறார்கள்: பாறைத் துகள்களுக்கு இடையே சிக்கிய உப்புநீர், அல்லது காரீயம். 1993இல் ஹின்ட்மனும் வன்யனும் கூட்டாளிகளும் எழுதிய மதிப்பாய்வின் தலைப்பிலேயே இந்தக் கேள்வி இருந்தது.

நீருக்கு ஆதரவானவர்கள் நிலநடுக்க அலைகளில் தெரியும் கிடைமட்டப் பளிச்சிடல்களையும், கோலாவிலும் கே.டி.பி.யிலும் எதிர்பாராத ஆழத்தில் கிடைத்த உப்புநீரையும் காட்டினார்கள். எதிர்வாதம் கனிமவியலிலிருந்து வந்தது. யார்ட்லியும் வலியும் 1997இல் சொன்னது இது: கீழ்ப் புவியோட்டின் வெப்பத்தில் சுதந்திரமான நீர் நீண்ட நாள் தாங்காது, பைரொக்சீனும் பெல்ட்ஸ்பாரும் அதை உறிஞ்சி மைக்காவாகவும் அம்ஃபிபோலாகவும் மாறிவிடும். கிரானுலைட் பாறை கிரானுலைட்டாகவே நீடிப்பதே அங்கே நீர் இல்லை என்பதற்குச் சான்று. எனக்கு இந்த வாதம் மிக வலுவாகப் படுகிறது. மலைநாட்டுப் பாறைகளை நுண்ணோக்கியில் பார்த்தால் பைரொக்சீன் பல இடங்களில் மாறாமல் நிற்கிறது.

காரீயத்துக்கு ஆதரவு 1989இல் வலுத்தது. ஃப்ரொஸ்டும் குழுவினரும் பாறைத் துகள் எல்லைகளில் மெல்லிய காரீயப் படலத்தைக் கண்டு நேச்சர் இதழில் எழுதினார்கள். 1992இல் கனடாவின் கப்புஸ்கேசிங் பகுதியில், நம்முடையதைப் போலவே மேலே தூக்கி வரப்பட்ட ஆழ் புவியோட்டுப் பாறைகளில், மரெஷலும் குழுவினரும் அதே படலத்தைக் கண்டார்கள். கே.டி.பி. துளையிலோ பாறை அரைபட்டு நகர்ந்த வலயங்களில் காரீயம் தாராளமாகக் கிடைத்தது. பிறகு 2011இல் ஜப்பானின் யோஷினோவும் நொரிட்டாக்கேயும் ஒரு சோதனை செய்து இந்த நம்பிக்கையை அசைத்தார்கள். துகள் எல்லையில் ஒட்டிய மெல்லிய படலம் உயர் வெப்பத்தில் நிலைக்காமல் துண்டுதுண்டாகச் சுருண்டுகொள்கிறது என்று காட்டினார்கள். பாறையில் காரீயம் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, அது தொடர்ந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. குளங்கள் எவ்வளவு நிறைந்திருந்தாலும் வாய்க்கால் அறுந்திருந்தால் வயலுக்கு நீர் வராது. ஆகவே நீர், காரீயம் என்ற இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யும் பழைய வடிவம் இன்று போதாது. எந்த வடிவில், எந்த அமைப்பில் காரீயம் தொடர்கிறது என்பதைத்தான் இனிக் கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பாறை எங்கே இருக்கிறது?

இலங்கையில் இருக்கிறது. மேற்கே, அண்டைய குருணாகல் மாவட்டத்தின் கஹட்டகஹவிலும் கேகாலை மாவட்டத்தின் போகலவிலும் சுரங்கத் தொழிலாளர் பல தலைமுறைகளாக வெட்டி எடுப்பது உலகிலேயே மிகத் தூய நாளக் காரீயம். கரிமம் 95 வீதத்துக்கு மேல், பல இடங்களில் 99ஐத் தொடும். பாறையின் வெடிப்புகளுக்குள் நரம்பு போல் ஓடும் இந்த நாளங்களில் காரீயம் சுவருக்குச் செங்குத்தாக ஊசி ஊசியாக வளர்ந்திருக்கும். விரலால் தொட்டால் வழுக்கும், கை வெள்ளிக் கருமையாகிவிடும். காரீயத்தின் இன்னொரு வடிவம் மாத்தளை வட்டாரத்துச் சலவைக்கல்லில் தெரிகிறது. சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கவும், டொலமைட் உரமாக அரைக்கவும் வெட்டும் அந்தக் கல்லின் புதிதாக உடைந்த முகத்தை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். வெள்ளைப் படிகங்களுக்கு நடுவே பழுப்பு மைக்காச் செதிலும், அதனுடன் சாம்பல் நிறத்தில் மின்னும் காரீயச் செதிலும் சிதறியிருக்கும். ஒவ்வொரு செதிலும் தனித்து நிற்கிறது, ஒன்றையொன்று தொடவில்லை. மின்சாரத்துக்கு இந்தக் கல் ஒரு சுவர். சில மைல் மேற்கே இருக்கும் நாளமோ ஒரு கம்பி. கரிமம் ஒன்றுதான், அமைப்பு வேறு.

இந்த இரண்டையும் ஒரே பார்வையில் வைத்து முதலில் எழுதியவர்களில் ஆனந்த குமாரசுவாமியும் ஒருவர். கலை வரலாற்றாளராக உலகம் அறிந்த அவர் முதலில் புவியியலாளர். 1900ஆம் ஆண்டு லண்டன் புவியியல் சங்கத்தின் காலாண்டிதழில் வந்த அவருடைய கட்டுரை இலங்கைப் பாறைகளையும் காரீயத்தையும் பற்றியது. 1902இல் இலங்கையின் படிகச் சுண்ணாம்புக் கற்களைப் பற்றி எழுதினார். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிம அளவையின் முதல் இயக்குநராக மலைநாடெங்கும் நடந்தார். அவர் கையில் சுத்தியலும் உருப்பெருக்கியும் மட்டும் இருந்தன. அன்று அவர் விவரித்த கற்களின் மின்கடத்துதிறன் ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு உலகப் பிரச்சினையாகும் என்று எவரும் நினைத்திருக்க முடியாது. நம்முடைய பாடநூல்கள் அவரை நடராச தாண்டவத்தோடு மட்டும் நிறுத்திவிடுவது எனக்கு எப்போதும் வருத்தம் தரும்.

ஒரு தடைவாதத்துக்கு இங்கே இடம் கொடுக்க வேண்டும். நாம் இன்று தொடும் காரீயம் பாறை ஆழத்தில் இருந்தபோதே உருவானதா, அல்லது மேலே வரும் வழியில், வெடிப்புத் திறந்த காலத்தில் வந்து நிரம்பியதா? செதில்கள் பாறையோடு சேர்ந்து வெந்தவை என்பதில் ஐயம் குறைவு. நாளங்கள் பின்னால் வந்தவை, பாறை இறுகி வெடிக்கும் நிலைக்கு வந்த பிறகு கரிமம் சுமந்த வாயுக்களோ திரவமோ அவற்றை நிரப்பியது. அப்படியானால் நாளத்தைக் காட்டி ஆழ் புவியோட்டை விளக்குவது முறையா? முழுதாக முறையல்ல. ஆனால் அத்தகைய திரவம் ஒருமுறை கீழே இருந்து ஓடி வந்தது உண்மையென்றால், அது வந்த வழியிலும் தன் தடத்தை விட்டிருக்க வேண்டும். அந்தத் தடம் இன்னும் 20, 30 கிலோமீற்றர் கீழே தொடர்கிறதா என்பதைச் சுத்தியலால் அறிய முடியாது. அங்கேதான் எம்.டி. நிலையம் வேண்டும்.

பாக்கு நீரிணைக்கு அப்பால் இந்த வேலை நடந்திருக்கிறது. தமிழ்நாட்டின் கிரானுலைட் நிலம் நம்முடைய மலைநாட்டின் உடன்பிறப்பு. பரங்கிமலையில் கிடைத்து, தோமஸ் ஹொலன்ட் பெயரிட்ட சார்னொகைட் பாறை மலைநாட்டிலும் நிறைய உண்டு. ஹைதராபாத்தின் தேசியப் புவிஇயற்பியல் ஆய்வு நிறுவனம் ஆந்திரத்துக் குப்பத்திலிருந்து பழனி வரை, ஏறத்தாழ 300 கிலோமீற்றர் நீளத்துக்கு ஒரு குறுக்குக் கோட்டில் நிலநடுக்கம், ஈர்ப்பு, எம்.டி. எல்லாம் சேர்த்து அளந்தது. ஹரிநாராயணாவும் குழுவினரும் செய்த எம்.டி. பகுதி 2003இல் இந்தியப் புவியியல் சங்கத்தின் 50ஆம் நினைவுத் தொகுதியில் வந்தது. பொதுவில் புவியோடு அங்கே மிகத் தடைமிக்கது. ஆனால் மொயாறு–பவானி, பாலக்காடு–காவிரி என்ற, பாறைகள் ஒன்றையொன்று உராய்ந்து இழுபட்ட பழம் வலயங்களை ஒட்டி ஆழத்தில் மின்கடத்தும் பகுதிகள் தெரிந்தன. 2014இல் பட்ரோ, சர்மா, நாகாஞ்சனேயலு ஆகியோர் அந்நிலத்தின் முப்பரிமாணப் படத்தையும் வெளியிட்டார்கள். இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்று: பழைய நிலத்தில் கீழ்ப் புவியோடு முழுவதும் ஒரே தட்டாகக் கடத்துவதில்லை, இழுபட்ட வலயங்களே கடத்துகின்றன. உராய்வில் தேய்ந்து நீளப்பூசப்பட்ட காரீயம் அதற்குப் பொருத்தமான காரணம். படலம் நிலைக்காது என்ற யோஷினோவின் சோதனையோடும் இது முரண்படவில்லை.

இலங்கையில் எம்.டி. முறை பெரும்பாலும் வெப்ப ஊற்றுகளைச் சுற்றியே பயன்பட்டிருக்கிறது. திருகோணமலைக் கன்னியாவை அறியாத தமிழர் இல்லை. அங்கிருந்து மகாஓயா, கப்புறல்ல வழியாகத் தெற்கே மகாபெலெஸ்ஸ வரை ஊற்றுகள் ஒரு வரிசையாகக் கிடக்கின்றன. ஹைலேண்ட் தொகுதி கிழக்கிலுள்ள விஜயன் தொகுதியின் மேல் ஏறி உட்கார்ந்த எல்லையை ஒட்டிய வரிசை அது. எரிமலை இல்லாத நாட்டில் நீர் ஏன் சூடாக வருகிறது? மழைநீர் வெடிப்பு வழியாகக் கிலோமீற்றர்க் கணக்கில் இறங்கி, ஆழத்தின் இயல்பான வெப்பத்தில் சூடேறி, வேறொரு வெடிப்பால் மேலே வருகிறது என்பதே பொதுவாக ஏற்கும் விளக்கம். கண்டி ஹந்தானையிலுள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவனத்தின் தீபால் சுபசிங்கவும், ஜி. எம். பொன்சேகாவும், பிரூஸ் ஹொப்ஸ், அலன் ஜோன்ஸ் போன்ற வெளிநாட்டு வல்லுநரும் சேர்ந்து செய்த முதற்கட்ட எம்.டி. அளவை 2013இல் இலங்கைப் புவியியல் சங்கத்தின் சஞ்சிகையில் வந்தது. கப்புறல்லவைப் பற்றிய விரிவான கட்டுரை நிமல்சிறியை முதலாசிரியராகக் கொண்டு 2015இல் வெளியாயிற்று. தடைமிக்க கடும்பாறைக்கு நடுவே நீர் ஏறி இறங்கும் கடத்து வலயங்களை இவை தேடின. புவிவெப்ப மின்சாரம் என்ற நடைமுறை நோக்கம் இல்லாமல் இப்பணிக்குப் பணம் கிடைத்திருக்காது. அந்த நோக்கத்தோடு வந்த கருவியும் பயிற்சியும் இப்போது நம்மிடம் இருக்கின்றன.

தீவில் இம்முறைக்குத் தனியான சிக்கல்களும் உண்டு. வானத்திலிருந்து வரும் அலை ஒரே சீராக, பரந்த தட்டாக இறங்குகிறது என்பது எம்.டி. கணிதத்தின் அடிப்படை எடுகோள். காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் முனையையும் இலங்கையையும் ஒட்டிச் செல்கிறது. அதன் மேலே 100 கிலோமீற்றருக்குச் சற்று அப்பால் பகலில் ஓடும் ஒடுங்கிய மின்னோட்ட ஆறு, நீண்ட கால அலைகளில் அந்த எடுகோளைக் குலைக்கும். அதனால் இரவுப் பதிவுக்கு மதிப்பு அதிகம். அடுத்தது கடல். நாற்புறமும் உள்ள உப்புநீர் மின்னோட்டத்தைத் தன்பக்கம் இழுக்கிறது. 1979இல் ராஜாராமும் குழுவினரும், ஜப்பானின் தக்கேடாவும் மயேடாவும், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையில் மின்னோட்டம் நெருக்கித் திரளுவதைப் பற்றி எழுதினார்கள். அன்றிலிருந்து இந்தத் தென்முனை புவிகாந்தவியலாளர்க்குப் பழக்கமான விசித்திரம். கடலைக் கணக்கில் சேர்க்காமல் பலாபத்வலவுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாது. நல்லவேளையாக, கடலின் ஆழமும் கடத்துதிறனும் நமக்குத் தெரியும். அவற்றை முப்பரிமாணக் கணக்கீட்டில் முன்கூட்டியே வைத்துவிடலாம்.

கடலை விடக் கடினமான சிக்கல் ஒன்று உண்டு. 100 ஓம் மீற்றர் தடைத்திறனுள்ள 10 கிலோமீற்றர்த் தட்டும், 10 ஓம் மீற்றர் தடைத்திறனுள்ள 1 கிலோமீற்றர்த் தட்டும் தரையிலிருந்து பார்ப்பவருக்கு ஏறக்குறைய ஒன்றே. எம்.டி. தெளிவாகச் சொல்வது கடத்துதிறனையும் தடிப்பையும் பெருக்கிய தொகையை மட்டும். நிறம் தீட்டிய குறுக்குவெட்டுப் படங்கள் கட்டுரைகளில் மிக உறுதியாகத் தெரியும். அந்த உறுதியில் ஒரு பகுதி கணினி நிரலின் தெரிவு. இதை மறந்து சிவப்புப் புள்ளியெல்லாம் நீர் என்றும் நீலமெல்லாம் வரண்ட பாறை என்றும் படிப்பது இத்துறையில் அடிக்கடி நேரும் தவறு. மலைநாட்டில் அந்தப் பெருக்குத்தொகையைப் பிரித்துக் காட்ட உதவும் பொருள் நம் கையிலேயே இருக்கிறது. மேலே கிடக்கும் இழுபட்ட வலயத்தின் அகலத்தை நடந்தே அளக்கலாம், அதன் காரீயத்தை ஆய்வுகூடத்தில் சோதிக்கலாம், அந்த எண்களைக் கணக்கீட்டுக்குக் கட்டுப்பாடாகக் கொடுக்கலாம். வண்டல் மூடிய நிலங்களுக்கு இந்த வசதி கிடையாது.

ஆய்வாளரின் ஆவலுக்கு அப்பால் இது எவருக்கு வேண்டும்? 2020 ஓகஸ்ட் இறுதியில் திகன, விக்டோரியா நீர்த்தேக்கப் பகுதியில் மக்கள் சிறு அதிர்வுகளை உணர்ந்து அஞ்சினார்கள். மாத்தளை மாவட்டத்திலேயே 2017இல் நீர் நிரப்பத் தொடங்கிய மொரகஹகந்த இருக்கிறது. இந்தியாவின் கொய்னாவில் நீர்த்தேக்கம் நிரம்பிய சில ஆண்டுகளில், 1967 டிசம்பரில், 6.3 அளவு நிலநடுக்கம் வந்தது. எம்.டி. அளவை நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்லாது. அப்படிச் சொல்பவரை நம்பக்கூடாது. ஆனால் எந்த வெடிப்பு எவ்வளவு ஆழம் போகிறது, அதில் நீர் இருக்கிறதா என்பதை அது சொல்லும். அதை அணை கட்டிய பிறகு அல்ல, முன்பே தெரிந்திருப்பது நல்லது. 2014 இறுதியில் உமா ஓயாச் சுரங்கத்துக்குள் நீர் பாய்ந்து பண்டாரவளைப் பகுதிக் கிணறுகள் வற்றியதை நாடு இன்னும் மறக்கவில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இது. புத்தளம் கரையில் தொடங்கி, குருணாகல் காரீய நிலத்தைக் கடந்து, பலாபத்வல, நக்கிள்ஸ் மலை, மகியங்கனை வழியாக மட்டக்களப்புக் கரை வரை ஒரே கோட்டில் எம்.டி. நிலையங்கள் வேண்டும். வன்னி, ஹைலேண்ட், விஜயன் என்ற மூன்று தொகுதிகளையும் அது வெட்டிச் செல்லும். 2016–17 நிலநடுக்கமானிகள் தந்த படம் ஒப்பிடுவதற்குத் தயாராக இருக்கிறது. தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவனத்துக்கு அனுபவம் இருக்கிறது, பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் புவியியல் துறை இருக்கிறது, யாழ்ப்பாணத்திலும் கிழக்கிலும் இயற்பியல் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், தமிழ்நாட்டில் அதே பாறையை அளந்து முடித்த அயலவர் இருக்கிறார்கள். குழி தோண்டிக் களி குழைத்து மின்வாய் புதைக்கும் வேலைக்கு மாத்தளைப் பாடசாலைகளின் உயர்தர மாணவரையும் அழைத்துப் போங்கள். தாங்கள் நிற்கும் கல் 40 கிலோமீற்றர் ஆழத்திலிருந்து வந்தது என்பதை அவர்கள் அங்கேயே அறியட்டும்.